அறைத் தோழரிடம் மறைக்கலாகாத ஒன்று

படிப்பை முடித்துவிட்டு நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் சென்னைக்கு வரும் நம் பிள்ளைகள் அறை தேடும் இடங்களுள் சைதாப்பேட்டையும் ஒன்று. ஒருபுறம் மின்தொடர் வண்டி, மறுபுறம் மெட்ரோ. கிண்டித் தொழிற்பேட்டைக்கும் தியாகராய நகர்க் கடைகளுக்கும் இடைப்பட்ட ஊர். ஞாயிறு திருப்பலிக்குச் சின்னமலை அருகிலிருக்கிறது என்று தாய்மார் மனம் நிறைவதும் உண்டு. வாடகையைத் தனியொருவராய்த் தாங்க இயலாமையால் இருவரோ மூவரோ சேர்ந்தே அறை எடுக்கின்றனர். முன்பின் அறியாத இருவர் தேநீர்க் கடை வாசலில் நின்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வர். சமையல் உண்டா, இரவு வேலையா, மின்கட்டணத்தை எவ்வாறு பிரிப்பது, தண்ணீர் கேனை மாடிக்கு யார் தூக்குவது என்றெல்லாம் பேச்சு நடக்கும். "சிகரெட் பிடிப்பீர்களா, பிரதர்?" என்ற கேள்வியும் தவறாது எழும். "இல்லை" என்பார் மற்றவர். அவருடைய சட்டைப்பையில் இருப்பதோ 'வேப்' எனப்படும் மின் சிகரெட்!

அவர் பொய் சொல்லவில்லை என்று வாதாடலாம். புகையிலையை அவர் கொளுத்தவில்லை. சாம்பலும் இல்லை, வீசியெறியத் துண்டும் இல்லை. ஆயினும் கேட்டவர் அறிய விரும்பியது யாது? தாம் உறங்கப் போகும் அறையின் காற்று எத்தகையது, உடன் வாழப் போகிறவரின் பழக்கம் எத்தகையது என்பதன்றோ? சொல்லளவில் மெய்யாகவும் பொருளளவில் பொய்யாகவும் நிற்கும் இந்த 'இல்லை'யைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகிறோம்.

வாசகப் பெற்றோருள் சிலர் இக்கருவியை மகனுடைய பையில் கண்டும் இன்னதென அறியாது விட்டிருக்கக் கூடும். பேனாவைப் போலவோ, கணினியில் செருகும் பென்டிரைவைப் போலவோ இருக்கும். உள்ளே சிறிய மின்கலம், மெல்லிய கம்பிச் சுருள், திரவத்தில் ஊறிய பஞ்சு. வாயில் வைத்து இழுத்தால் சுருள் சூடேறித் திரவம் பனிப்படலமாக மாறுகிறது. இதனை 'நீராவி' என்று சொல்லி விற்கிறார்கள், நீராவியன்று. திரவத்தில் இருப்பவை புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். கல்யாண வரவேற்பு மேடைகளில் புகை எழுப்பும் இயந்திரத்திலும் இவ்வகைத் திரவங்களே பயன்படுகின்றன. அவற்றோடு மாம்பழம், புதினா போன்ற மணச்சாறுகளும், பெரும்பாலும் நிக்கோடினும் சேர்க்கப்படுகின்றன. புகையிலைக்கு மனிதனை அடிமையாக்குவது இந்த நிக்கோடின்தான். இதனை உப்பு வடிவில் சேர்க்கும் முறை வந்த பின்னர் தொண்டையில் காறல் குறைந்தது. காறல் குறையவே இழுக்கும் அளவும் எளிதில் கூடிற்று.

இதனை உருவாக்கியோரின் நோக்கம் தீயதென்று சொல்ல மாட்டோம். அமெரிக்கரான ஹெர்பர்ட் கில்பர்ட் 1965-இல் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய வடிவுக்கு வழி திறந்தவர் ஹான் லிக் என்னும் சீன மருந்தாளுநர், 2003-இல். அவரே புகைபிடிப்பவராயிருந்தார். எதுவும் எரியாததால் சிகரெட்டின் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லை. எனவேதான் பிரிட்டனில், சிகரெட்டை விட முயலும் வயது வந்தோர்க்கு இதனைப் பரிந்துரைக்கிறார்கள். அதே பிரிட்டன், சிறுவர் கைகளில் இது பரவுவதையும் குப்பையாய்க் குவிவதையும் கண்டு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையின் விற்பனையை 2025 ஜூன் 1 முதல் தடைசெய்தது. ஆக, சிகரெட்டைவிடக் கேடு குறைந்தது என்று இளைஞர் சொன்னால் அதை மறுக்க வேண்டுவதில்லை. சிகரெட்டே தொடாத பிள்ளை இதிலிருந்து தொடங்கினால் எதனோடு ஒப்பிட்டுக் குறைவு என்பது?

நிற்க. நம் நாட்டுச் சட்டம் வேறு. தமிழக அரசு 2018-லேயே மின் சிகரெட்டைத் தடுத்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் பிறப்பித்து, அவ்வாண்டு டிசம்பரில் அதனை நாடாளுமன்றச் சட்டமாக்கியது. தயாரித்தல், இறக்குமதி, கொண்டுசெல்லல், விற்றல், வழங்கல், விளம்பரம் ஆகிய யாவும் குற்றம். முதன்முறைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பெட்டிக்கடையில் பீடியும் சிகரெட்டும் தாராளமாய்த் தொங்க, இதை மட்டும் தடுப்பானேன் என்று இளைஞர் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அறைத் தோழரைத் தொடும் பிரிவு இன்னொன்று உண்டு. ஓர் இடத்தின் உரிமையாளரோ அங்கே குடியிருப்பவரோ, மின் சிகரெட் இருப்பு வைக்க அவ்விடத்தை அறிந்தே அனுமதித்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டைப்பையிலுள்ள ஒற்றைக் கருவி 'இருப்பு' ஆகுமா என்பதை வழக்கறிஞர்கள் விவாதிக்கட்டும். நண்பர்களுக்கும் சேர்த்து வரவழைத்து அலமாரியில் அடுக்கிவைத்தால் விவாதத்துக்கு அதிக இடமில்லை. வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட மற்றவரும் அதில் அகப்படலாம்.

தடைசெய்த பொருளாகையால் இங்கே கிடைப்பது திருட்டுத்தனமாய் வருவதே. அட்டையில் அச்சிட்ட நிக்கோடின் அளவு உண்மைதானா என்று சோதிப்பார் யாருமில்லை. அமெரிக்காவில் 2019-இல் இக்கருவிகளால் நுரையீரல் பாதிக்கப்பட்டு, 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனை சேர்ந்தனர். 68 பேர் மாண்டனர். பெரும்பாலும், கஞ்சாச் சத்துள்ள கள்ளச் சந்தைத் திரவத்தில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்டே அதற்குக் காரணமெனக் கண்டனர். உள்ளிருப்பது இன்னதென்று அறியாமல் இழுத்தவர்கள் அவர்கள்.

ஆகவே, முன்பணம் கைமாறுவதற்கு முன்பே சொல்லிவிடுதல் வேண்டும். நீண்ட முன்னுரை தேவையில்லை. "பிரதர், நான் சிகரெட் பிடிப்பதில்லை, ஆனால் நிக்கோடின் உள்ள வேப் இழுக்கிறேன். நாளொன்றுக்கு இத்தனை முறை. அறைக்குள் இழுக்க மாட்டேன், மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். உங்களுக்கு ஆஸ்துமா ஏதேனும் உண்டா?" இவ்வளவே போதும். 'வெறும் வாசனைதான்' என்று மழுப்ப வேண்டாம். வெளிவிடும் படலத்திலும் நிக்கோடினும் நுண்துகளும் உண்டு. பத்துக்குப் பத்து அறையில் சன்னலைச் சாத்திவிட்டு இழுத்தால் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவருக்கும் பங்கு போகும். மெத்தையின்மேல் போட்டு இரவெல்லாம் சார்ஜ் ஏற்றுவதில் தீப்பற்றும் அபாயமும் உண்டு. அறைத் தோழர் பெயரில் பார்சல் வரவழைப்பது அறவே கூடாது.

கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு. "எனக்கு ஒத்துவராது" என்று சொல்லி விலகிக்கொள்ள அவருக்கு முழு உரிமை இருக்கிறது. அதில் வருத்தப்பட ஏதுமில்லை. ஆனால் நம்பிச் சொன்ன செய்தியை ஊரிலுள்ள பெற்றோருக்குத் தொலைபேசியில் சேர்ப்பிப்பதும், சக ஊழியரிடம் பரப்புவதும் கயமை. பல பிள்ளைகள் உண்மையை மறைப்பது இந்த அச்சத்தால்தான். பெற்றோரும், பையில் கருவியைக் கண்டவுடன் உடைத்தெறிவதற்கு முன், "எப்போதிலிருந்து?" என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம்.

விட்டுவிட விரும்புகிறவருக்குச் சைதாப்பேட்டையிலிருந்து தொலைவு அதிகமில்லை. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 2002-லேயே புகையிலைப் பழக்கம் விடுவிக்கும் மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. 1800-11-2356 என்பது தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண், கட்டணமில்லை. சிகரெட் பெட்டிகளிலேயே அச்சிட்டிருப்பதால் வேப் இழுப்பவர் கண்ணில் அது பட்டிராது. நிக்கோடினை நிறுத்திய முதல் சில நாள்களில் எரிச்சல், தூக்கமின்மை, அடங்காப் பசி, காரணமற்ற சினம் யாவும் வரும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாய்த் தணியும். இதனையும் அறைத் தோழரிடம் முன்னதாகவே சொல்லிவைப்பது நலம். இல்லையேல், தண்ணீர் கேனை யார் தூக்குவது என்பதில் அந்த வாரம் நடக்கும் சண்டைக்கு அவர் வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பார்.