பிரிக்க ஏலாத கார்டிகனுக்கு ‘வின்டேஜ்’ என்று பெயரா?

‘வின்டேஜ்’ என்ற சொல்லை இப்போது எதிலும் ஒட்டலாம் என்றாகிவிட்டது. பின்னல் வேலையில் அது அதிகம் ஒட்டப்படுவது கார்டிகனில்தான். 1940களின் வெட்டு: இடுப்போடு நிற்கும் நீளம், தோளில் சின்னப் புடைப்பு, நெருக்கமாய்ப் பொத்தான்கள். ஆனால் நூல் மட்டும் வளையம் வளையமாய் நிற்கும் புக்லே, அல்லது பஞ்சுபோல மயிர் நீட்டும் மொஹேர். பார்க்க வடிவுதான். வடிவோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அந்த நூலில் பின்னிவிட்டு, 1940களை மீட்டெடுத்தோம் என்று சொல்வதோடுதான் சண்டை.

1941 ஜூன் 1ஆம் திகதி பிரித்தானியாவில் உடுப்புக்குப் பங்கீடு வந்தது. முதல் வருடத்துக்கு வளர்ந்த ஒருவருக்கு 66 கூப்பன். பிறகு அதுவும் குறைந்தது. கூப்பன் என்றால் என்னவென்று எங்கட அம்மம்மாமாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பின்னல் நூலுக்கும் கூப்பன் வேணும்: 2 அவுன்ஸுக்கு ஒன்று. ஆனால் வீட்டில் கிடக்கும் பழைய சுவெட்டரைப் பிரித்தெடுக்கும் நூலுக்கு யாரும் கூப்பன் கேட்க ஏலாது.

அதனால் பிரித்தார்கள். பொருத்துத் தையலை வெட்டி, நூலை இழுத்தெடுத்து, கதிரை முதுகில் சுற்றி, அங்கங்கே கட்டி, கழுவி, பாரம் தொங்கவிட்டுக் காயவைத்தால் சுருள் நிமிரும். தகப்பனின் சுவெட்டர் மகளின் கார்டிகனாகும். அதுவும் தேய்ந்தால் மிச்ச நூல் தம்பியின் காலுறையாகும். 1943இல் அரசாங்கமே ‘மேக் டு அண்ட் மென்ட்’ என்று, இருப்பதைத் தைத்துத் திருத்திப் பாவிக்கச் சொல்லிக் கைநூல் வெளியிட்டது. அந்தக் காலத்துக் கார்டிகன் என்பது நூல் கொஞ்சக் காலம் தங்கிப்போகும் ஓர் இடம்.

இப்போது புக்லேயைப் பாருங்கோ. அதில் மூன்று இழை. நடுவில் தாங்கும் இழை. அதன்மேல் வேண்டுமென்றே கூடுதலாக விட்டு வளையமாக்கிய இழை. இரண்டையும் பிடித்துக் கட்டும் மெல்லிய இழை. அழகும் அந்த வளையத்தில்தான், சிக்கலும் அதில்தான். பிரிக்க இழுத்தால் வளையம் பக்கத்துக் கண்ணியில் கொழுவும். மொஹேரின் மயிர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பொறுமையிருந்தால் நாலு வரிசை பிரிக்கலாம். பல வருடம் போட்டுக் கழுவிய முழுக் கார்டிகனைப் பிரித்துத் திரும்பப் பின்னுவது பெரும்பாலும் நடவாத காரியம்.

“அந்தக் காலத்திலும் புக்லே இருந்ததுதானே?” என்று கேட்பினம். இருந்தது. 1930களில் புக்லே உடுப்பு பின்னினார்கள், 1950களில் மொஹேர் பின்னினார்கள். ஆனால் நீங்கள் நகலெடுப்பது இரண்டுக்கும் நடுவில் நின்ற பங்கீட்டுக் காலத்தை. அந்தக் கட்டை நீளம் நூலையும் மிச்சம்பிடித்தது.

“புதுசாய்ப் பின்னுகிறவைக்கு இதுதான் லேசு, பிழை தெரியாது” என்பது அடுத்த கதை. பிழை மற்றவர்களுக்குத் தெரியாதுதான். பின்னுகிறவருக்கும் தெரியாது. கண்ணியை எண்ண முடியாது, பிழைத்த இடம்வரை பிரித்துத் திருத்தவும் முடியாது. பிறகு எப்படிப் பழகுவது?

மேடுபள்ளம் வேணுமென்றால் அதைக் கையால் உண்டாக்கலாம். நிட் ஒன்று, பேர்ள் ஒன்று என்று மாற்றிப் பின்னி, அடுத்த வரிசையில் அவற்றின் இடத்தை மாற்றினால் மொஸ் ஸ்டிச். குறுணல் கொட்டினதுபோல் இருக்கும். கண்ணிகளை ஒன்றையொன்று தாண்டவைத்தால் கேபிள். நூல் சாதாரண நூல், எப்போதும் பிரிக்கலாம். நேரம் எடுக்கும், மறுக்கவில்லை: மெல்லிய நூலில் 10 சென்ரிமீற்றர் சதுரத்துக்கு 28 கண்ணி, 36 வரிசை என்றால் ஆயிரத்துக்கு மேற்பட்ட கண்ணிகள்.

பஞ்சகாலத்தைக் கும்பிடச் சொல்லவில்லை. அது யுத்தம். தொழிற்சாலை வேலையும் செய்து, வீட்டையும் பார்த்து, இரவில் ஊசியும் பிடித்த பெண்களின் தலையில்தான் அந்தச் சிக்கனம் முழுக்க ஏற்றப்பட்டது. அந்தச் சுமை திரும்பி வரக்கூடாது. ஆனால் அவர்களின் தோள்வெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்களின் அறிவைக் குப்பையில் போடுவது மரியாதை இல்லை.

யாழ்ப்பாண வெயிலுக்குக் கார்டிகன் எதற்கு என்று சிரிக்கலாம். நுவரெலியாவில் இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள், ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளும் சிரிக்க மாட்டாள். பாவித்த கம்பளிச் சுவெட்டர் கையில் கிடைத்தால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ. விளிம்பு வெட்டப்பட்டு ஓவர்லொக் அடித்திருந்தால் துண்டு நூல்தான் வரும். விளிம்புக் கண்ணிகள் முழுசாய் இருந்து, பக்கங்கள் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தால் நீள நூல் வரும். அதைப் பிரித்து, கழுவி, உங்களுக்குப் பிடித்த 1940களின் வெட்டில் பின்னுங்கோ. அதற்கு ‘வின்டேஜ்’ என்று பெயர் வைத்தால் நாங்கள் வாய் திறக்க மாட்டோம்.