கை முடங்கினால் வேலையும் முடங்க வேண்டுமா?

தோட்ட ஆபீசுகளில் செக்ரோல் கணினியில் ஏறிவிட்ட காலம் இது. குளுவாங் சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கி, ஒரு கிராணி இரு கைகளின் இயக்கத்தையும் இழந்தால் அவர் கதி என்ன? “சொக்சோ பணம் வாங்கிக்கொண்டு வீட்டில் இரும்” என்று சொல்லிவிடுவது எளிது. அவருடைய அறிவும் அனுபவமும் விபத்தில் முறியவில்லையே!

ஸ்டீஃபன் ஹாக்கிங் என்னும் விஞ்ஞானி, கன்னத் தசையின் சிறு அசைவைக் கொண்டே கணினியை இயக்கி நூல் எழுதினார். அவருக்காக உருவான மென்பொருளை இன்டெல் நிறுவனம் 2015-ல் இலவசமாக வெளியிட்டது. ஆப்பிள் கணினிகளில் 2019 முதல் குரல் ஆணையும், 2020 முதல் தலையசைவால் நகரும் சுட்டியும் உள்ளேயே அமைந்து வருகின்றன. விண்டோஸ் 11-க்குக் குரல் ஆணை 2022-ல் வந்தது. தமிழில் பேசினால் எழுதும் வசதியைக் கூகுள் 2017-ல் தந்தது.

ஆனால், இவற்றுள் ஒன்றை மட்டும் கொடுத்து “வேலை செய்” என்பது, கத்தியைக் கொடுத்துவிட்டு மங்கும் வாளியும் இல்லாமல் பால் கொண்டுவரச் சொல்வதற்கு ஒப்பாகும். தலையசைவால் சுட்டியை நகர்த்தலாம். பக்கம் பக்கமாக எழுதினால் கழுத்து நோகும். குரலால் விரைந்து எழுதலாம். தகரக் கூரையில் மழை கொட்டினாலோ, “மாரிமுத்து” என்ற பெயரை ஆங்கில மென்பொருளிடம் சொன்னாலோ தடுமாறும். ஆகவே சுட்டிக்குத் தலை, எழுத்துக்குக் குரல், அழுத்துவதற்குக் கால் அல்லது கன்னத்தில் ஒரு விசை என மூன்றையும் இணைக்க வேண்டும்.

இணைப்பதிலும் சிக்கல் உண்டு. பேசும்போது தலை ஆடும், சுட்டி அலையும், வேண்டாத இடத்தில் அழுத்தம் விழும். ஒன்று இயங்கும்போது மற்றொன்றை நிறுத்திவைக்கும் ஏற்பாடு தேவை. அதை ஆளுக்கு ஆள் பொருத்திப் பார்த்துப் பழக்க, விவரம் தெரிந்தவர் கூட இருக்க வேண்டும். செலவு என்பது பெரும்பாலும் இதுதான். காமிராவும் ஒலிவாங்கியும் மடிக்கணினியிலேயே இருக்கின்றன.

வழி இல்லாமலும் இல்லை. வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. அதன் ‘மீண்டும் பணிக்கு’த் திட்டம் 2007-ல் தொடங்கியது. ஜொகூரை அடுத்த மலாக்காவில் அதன் மறுவாழ்வு நிலையம் 2014-ல் திறக்கப்பட்டது. 2008-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் வேலை பெறும் உரிமையை ஒப்புக்கொள்கிறது. ஆனால், மீறுவோருக்குத் தண்டனை விதி இல்லாமலே அது பிறந்தது. அந்தக் குறையைச் சங்கத்தின் குரல்தான் நிரப்ப வேண்டும்.

தோழர்களே! நாம் கேட்பது தருமமன்று. “இவரால் இனி முடியாது” என்று முத்திரை குத்துமுன், இக்கருவிகளை இணைத்துப் பொருத்தி, சம்பளத்துடன் பழகிப் பார்க்கத் தவணை கொடுக்க வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் இக்கோரிக்கையும் இடம்பெறட்டும்!