நரிமணம்: நெல்லுக்கு அடியில் எண்ணெய்

எண்ணெய் எடுக்கிற ஊர்னா உடனே பாலைவனமும் ஒட்டகமும்தான் ஞாபகத்துக்கு வரும். நம்ம நாகை மாவட்டத்து நரிமணம் அப்படி இல்லீங்க. சுத்திலும் நெல்வயல், வாய்க்கால். வயலுக்கு அடியில் கச்சா எண்ணெய்! 1993-ல் பக்கத்துப் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலையும் வந்தது.

எடமலைப்பட்டி புதூர்க்காரனுக்கு இதுல என்ன அக்கறை? ரெண்டு பக்கமும் ஒரே காவிரிதானே! திருச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரம். நாகைக் கடற்கரையோ 140 கி.மீ. பக்கம். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூட இல்லை. கடைமடையில் தரை இன்னும் தட்டை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வருஷ மழையில் பாதிக்கு மேல் அந்த மூணு மாசத்துலதான் கொட்டும். சீக்கிரம் வடியாது.

இந்த மண்ணுல குழாய் ஒழுகினா எண்ணெய் எங்கே போகும்? வயலுக்குத்தான். 2017 ஜூன் 30-ல் தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் பார்த்தோமே. அதுவும் பருவமழைக்கு முன்னாடியே!

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், புதுக் கிணறு கூடாதுன்னு சொன்னது. நல்ல விஷயம். ஆனா ஏற்கனவே ஓடுற கிணறு, குழாய்களை அது தடுக்கலை. பழசுதானே முதல்ல துருப்பிடிக்கும்?

வருஷாவருஷம் செப்டம்பருக்குள்ள பழைய குழாய்களைச் சோதிச்சு, அறிக்கையை அந்தந்த ஊராட்சி ஆபீஸ் பலகையில ஒட்டணும். இதுதான் என் கட்சி. நாட்டுக்கு எண்ணெய் வேணும்தான். அதுக்கான விலையை வயல்காரர் மட்டும் கொடுக்கணுமா என்ன?