ரிஜிஸ்டரை மட்டும் பார்க்கும் சாஃப்ட்வேர்கள்



"சார், போட்டோவை எல்லாம் எதுக்கு ஃபோல்டர் ஃபோல்டரா பிரிச்சு வைக்கிறீங்க? சாஃப்ட்வேரே பாத்துக்கும்" என்று என்னிடம் படித்தவர்களே எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். அது பார்த்துக்கொள்ளாது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

வீட்டுக்கு வீடு ஒரே புகார். ஃபோல்டரில் படம் இருக்கிறது, சாஃப்ட்வேரில் தெரியவில்லை. இல்லாவிட்டால் சாஃப்ட்வேரில் தெரிகிறது, திறக்க மாட்டேன் என்கிறது. உடனே பிள்ளைகள், "அப்பா, நீங்க எதையோ தொட்டுட்டீங்க" என்பார்கள். பெரியவர்களும் பாவம், அப்படித்தான் போலிருக்கிறது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

வாத்தியார் வகுப்பைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுவார். இவை ரிஜிஸ்டரை மட்டும் பார்க்கின்றன. லைட்ரூம் கிளாசிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படம் எந்த ஃபோல்டரில் என்று ஒரு கேட்டலாக்கில் எழுதி வைத்திருக்கும். நீங்கள் வெளியே போய் 'கல்யாணம்' என்ற ஃபோல்டரை 'அக்கா கல்யாணம்' என்று மாற்றினால் போதும், கேள்விக்குறி போட்டுவிடும். பையன் அடுத்த பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்ததற்கு ஆப்சென்ட்! படம் எங்கும் போகவில்லை. அந்த ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்' கொடுத்து இடத்தைக் காட்டினால் வந்துவிடும். பெயரை லைட்ரூமுக்குள்ளேயே மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

திருத்துவதில் இன்னும் மோசம். 2016-இல் கூகுள் கைவிட்ட பிக்காசாவை நம்மில் சிலர் இன்னும் வைத்திருக்கிறோம். அதில் வெட்டி, வெளிச்சம் கூட்டிய படம் அதற்குள் மட்டும்தான் அழகு. 'சேவ்' கொடுக்கும்வரை படத்தைத் தொடாது. செய்த திருத்தத்தை அதே ஃபோல்டரில் ஒரு குட்டி ஃபைலில் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால்தான் ஜிம்ப்பில் திறந்தால் பழைய படம் வருகிறது. ஸ்டூடியோவில் கொடுத்தாலும் பழைய படமே பிரிண்ட் ஆகிறது. லைட்ரூமிலிருந்து ஜேபெக் படத்தை 'எடிட் ஒரிஜினல்' என்று போட்டோஷாப்புக்கு அனுப்பினாலும், லைட்ரூமில் செய்த திருத்தம் கூடப் போகாது. திருத்தத்தோடு பிரதி எடுக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே 'சேவ் ஆஸ்' போட்டு வேறு ஃபோல்டரில் வைத்தீர்களோ, இம்போர்ட் செய்யும்வரை அது ரிஜிஸ்டரில் பெயரில்லாத பிள்ளை.

மூலப்படம் கெடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். நியாயமான காரணம், மறுக்கவில்லை. அதை முதல் நாளே புரியும் மொழியில் சொல்வதற்கு என்ன?

என் உறவுக்காரர் ஒருவர், "சாஃப்ட்வேர்லதான் இருக்கே" என்று டிஸ்க்கில் இடம் பிடிக்க ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டார். திரையில் படங்கள் தெரிந்துகொண்டேதான் இருந்தன. அவருடைய அம்மாவின் காரியத்துக்குப் படம் பெரிதாக்கப் போனபோதுதான் தெரிந்தது, இருந்தது தீப்பெட்டி அளவு முன்னோட்டப் படம் மட்டும் என்று. கடைசியில் யாரோ மொபைலில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து வெட்டி ஃபிரேம் போட்டார்கள். முகம் மங்கல். அந்த மனுஷனைப் பார்த்து "உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியலை" என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

வேறு மாதிரி செய்ய முடியாதா? டிஜிகாம் என்று ஒன்று இருக்கிறது, இலவசம். அதில் ஆல்பம் என்றாலே டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டர்தான். வெளியே எதையாவது மாற்றிவிட்டு வந்து எஃப்5 அழுத்தினால் மறுபடி எட்டிப் பார்த்துக்கொள்ளும். காசு வாங்காதவர்களுக்கு முடிகிறது!

பழைய கம்ப்யூட்டரை மாற்றப் போகிறவர்கள், அதற்கு முன் பிக்காசாவில் ஒவ்வொரு ஃபோல்டராக 'சேவ்' கொடுங்கள். மூலப்படங்கள் 'பிக்காசாஒரிஜினல்ஸ்' என்று மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் போகும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் சாயங்காலம் 5 மணிக்கு மேல் போன் செய்யுங்கள், வீட்டில்தான் இருப்பேன்.