வயலுக்கு நடுவே ஒரு வழி

அன்புள்ள வாசகர்களுக்கு,

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளிலிருந்து வரும் கடிதங்களில் ஒரு வருத்தத்தைத் தொடர்ந்து பார்க்கிறேன். பெற்றோர் ஆறு மாத விசாவில் இங்கிலாந்து போகிறார்கள். பேரக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள், சமைத்துப் போடுகிறார்கள். ஒரு சனி, ஞாயிறு லண்டனுக்குப் போய்ப் பாலத்தையும் அரண்மனையையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். மற்ற நாளெல்லாம்? மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, ஜன்னலும் டிவியும்தான்.

என் அக்காவும் அங்கே மகன் வீட்டில் அப்படித்தான் இருந்தார். வயது 66. பிறந்ததும் வாழ்ந்ததும் கிராமத்தில். நான் போயிருந்தபோது, "ஊருக்கு எப்ப போவோம்னு இருக்குடா" என்றார். அவரை வற்புறுத்தி இரண்டு நாள் நடக்கக் கூட்டிப் போனேன். அந்த நடையைப் பற்றித்தான் இந்த மாதம் எழுத நினைத்தேன்.

லண்டனுக்கு மேற்கே காட்ஸ்வோல்ட்ஸ் என்று ஒரு மேட்டு நிலம். மலை என்று சொல்ல முடியாது. அதன் உச்சியே சுமார் 330 மீட்டர்தான். சிப்பிங் கேம்ப்டன் என்ற சிற்றூரில் தொடங்கி பாத் நகரத்துத் தேவாலய வாசல் வரை 164 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை போகிறது. 'காட்ஸ்வோல்ட் வே' என்று பெயர். முழுவதும் நடக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நாங்கள் நடந்தது முதல் 29 கிலோமீட்டர் மட்டும். முதல் நாள் பத்து, மறுநாள் மீதி.

ஊரைத் தாண்டியதும் பாதை ஒரு கோதுமை வயலுக்குள் நேராக நுழைந்தது. அக்கா நின்றுவிட்டார். "அடுத்தவங்க வயல்ல இப்படி எறங்கினா திட்ட மாட்டாங்களா?"

விவசாயக் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் முதலில் வரும் கேள்வி இதுதானே? திட்ட மாட்டார்கள். திட்டவும் முடியாது. நிலம் ஒருவருடையது, அதன் நடுவே போகும் வழி எல்லோருடையது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப் பொதுமக்களுக்கு உரிமையுள்ள வழிகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன. வயலுக்குக் குறுக்கே போகும் பாதையை உழலாம். ஆனால் அந்தப் பயிருக்காக முதல்முறை உழுத 14 நாளுக்குள், குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு அதை மறுபடி நடக்கும்படி செய்து தரவேண்டும். அது சட்டம். நாங்கள் நடந்த வயலில் கோதுமை முழங்கால் உயரம் இருந்தது. நடுவில் வகிடு எடுத்ததுபோல் வழி.

அந்த வழிகள் நடைப்பயிற்சிக்காகப் போட்டவை அல்ல. கோவிலுக்கு, சந்தைக்கு, மாவு மில்லுக்கு, வேலைக்குப் போன ஜனங்களின் கால் பட்டு உண்டானவை. நடக்கும் உரிமைக்காகப் போராடவும் வேண்டியிருந்தது. டெர்பிஷையரில் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தைப் பணக்காரர்கள் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரலில் சில நூறு தொழிலாளர்கள் தடையை மீறி அதில் நடந்தார்கள். ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். 1949-இல் வந்த சட்டம், ஒவ்வொரு மாவட்ட நிர்வாகமும் தன் பகுதியின் பொது வழிகளை வரைபடத்தில் குறித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றது. இன்று அந்நாட்டு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் பச்சை நிறத்தில் விட்டுவிட்டுப் போகும் கோடு எதைப் பார்த்தாலும், அதில் நீங்களும் நானும் நடக்கலாம். டிக்கெட் கிடையாது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இதை அக்காவுக்கு விளக்கிச் சொன்ன பிறகு, அவர் நடையே மாறிவிட்டது.

அந்த ஊர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேன் நிறக் கல்லில் கட்டிய வீடுகள். சுண்ணாம்புக் கல்தான், அந்த மேட்டிலேயே தோண்டி எடுத்தது. கூரையும் கல்லே. 'சிப்பிங்' என்றால் பழைய ஆங்கிலத்தில் சந்தை. சிப்பிங் கேம்ப்டனில் 1627-இல் கட்டிய சந்தைக் கொட்டகை கடைவீதி நடுவே இன்னும் நிற்கிறது. வெண்ணெயும் சீஸும் கோழியும் விற்ற இடம். கரடுமுரடான அந்தக் கல் தரையில் உட்கார்ந்துதான் கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டோம்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? ஆட்டு ரோமத்திலிருந்து. 1401-இல் இறந்த வில்லியம் கிரெவல் என்ற கம்பளி வியாபாரியின் வீடு அந்தக் கடைவீதியிலேயே இருக்கிறது. உள்ளூர்த் தேவாலயத்தில் அவருடைய கல்லறை. மேலே அவர் உருவம் பொறித்த பித்தளைத் தகடு. தெற்கே ஸ்ட்ரௌட் பள்ளத்தாக்குகளில் நீர்ச் சக்கரங்களை வைத்து நெய்த சிவப்புக் கம்பளித் துணி மிகப் பிரபலம். பட்டாளத்துச் சீருடைக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனியும் அந்தப் பக்கத்துத் துணியை வாங்கியது. நம் பழைய அகராதிகளில் கம்பளித் துணிக்குச் 'சகலாத்து' என்றொரு சொல் இருக்கிறது, அது நினைவுக்கு வந்தது.

பிறகு நீராவி இயந்திரம் வந்தது. நிலக்கரி கிடைக்கும் யார்க்‌ஷையர் ஆலைகளோடு இந்தப் பகுதியால் போட்டி போட முடியவில்லை. தொழில் போயிற்று. இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லாததால் பழைய வீடுகள் நின்றன. இன்று நாம் வியந்து படம் எடுக்கும் அழகுக்குப் பின்னால், பல தலைமுறைகளின் வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கிறது. நெசவாளர் வீடுகளில் பிறந்த வாசகர்களுக்கு நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

கோட்டை பார்க்காமல் வரலாமா என்று கேட்பீர்கள். முதல் நாளே ஒன்று தெரிந்தது: பிராட்வே டவர். குன்றின்மேல் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் அதில் எந்த மன்னனும் இருந்ததில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு பிரபு குடும்பம் அழகுக்காகக் கட்டியது. நிஜமான கோட்டைக்கு மறுநாள் மாலை வரை நடக்க வேண்டியிருந்தது. வழியில் ஹெய்ல்ஸ் மடத்தின் இடிந்த வளைவுகள். 1246-இல் தொடங்கிய மடம். 1539-இல் எட்டாம் ஹென்றி மன்னர் அதை மூட வைத்தார்.

அதே ஹென்றியின் ஆறாவது மனைவிதான் கேத்தரின் பார். அவர் உறங்குவது அடுத்த ஊரான வின்ச்கூம்பில், சூட்லி கோட்டையில். கணவர் இறந்த பிறகு மறுமணம் செய்துகொண்டு இங்கே வந்தார். 1548 ஆகஸ்ட் 30-ஆம் தேதி பெண் குழந்தை. செப்டம்பர் 5-ஆம் தேதி பிரசவக் காய்ச்சலில் அவர் இறந்துபோனார். கோட்டைக்குள் இருக்கும் சிறிய தேவாலயத்தில் வெள்ளைப் பளிங்கில் படுத்திருக்கிறது அவர் சிலை.

அக்கா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். "ராணியா இருந்தும் ஆறு நாள்தானா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் பாட்டியின் தங்கை இதே பிரசவ ஜன்னியில்தான் போனார் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறோம். நானூறு ஆண்டு இடைவெளியில், இரண்டு நாட்டில், ஒரே சாவு. பஸ்ஸில் வந்து இறங்கி அரை மணி நேரத்தில் திரும்பியிருந்தால் இது எங்களுக்குத் தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை. நடந்து வந்தவர்களுக்கு நிற்கவும் நேரம் இருக்கிறது.

அந்தக் கோட்டையும் 1649-இல், உள்நாட்டுப் போருக்குப் பிறகு, நாடாளுமன்றத்தின் உத்தரவால் இடிக்கப்பட்டு, கிட்டத்தட்ட இரு நூற்றாண்டு பாழாய்க் கிடந்தது. 1837-இல் வாங்கிச் சீர்செய்தவர்கள் கையுறை வியாபாரம் செய்த சகோதரர்கள்.

நீங்களும் போவதென்றால் சில விஷயங்கள். லண்டன் பாடிங்டனிலிருந்து மோர்ட்டன்-இன்-மார்ஷுக்கு ரயில் உண்டு. அங்கிருந்து சிப்பிங் கேம்ப்டன் பக்கம்தான். கிராமத்து பஸ்கள் குறைவு, கடைசி பஸ் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் இரவு ஒன்பதுக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். செருப்பு வேண்டாம், மழை பெய்தால் சேறு வழுக்கும். நல்ல ஷூ, ஒரு ரெயின்கோட். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுச் செல்லுங்கள். கன்றோடு நிற்கும் பசுவின் அருகே போகாதீர்கள். இதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன? முழங்கால் வலி இருந்தால் மூன்று கிலோமீட்டர் போதும். 164-ஐயும் முடித்தாக வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா அம்மாவை ஊர் சுற்றிக் காட்ட லீவும் பணமும் வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பச்சைக் கோடு இருக்கலாம். வரைபடத்தைத் திறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களோடு நடந்து காட்டுங்கள். மறுநாள் முதல் அவர்களே போய்க்கொள்வார்கள்.

அக்காவின் மகன் அப்படித்தான் தேடினான். குடியிருப்புக்குப் பின்னால் ஒரு குதிரை மேய்ச்சல் நிலத்தைத் தாண்டிப் பழைய தேவாலயம் வரை ஒரு வழி போகிறது. இரண்டு ஆண்டாக அங்கே குடியிருந்தும் அவனுக்குத் தெரியவில்லை. இப்போது அக்கா தினமும் காலையில் பேரனைக் கூட்டிக்கொண்டு அதில் போய் வருகிறார்.

போன வாரம் போன் செய்தபோது ஊருக்கு வருவதைப் பற்றிப் பேச்சே இல்லை. "வேலியைத் தாண்ற எடத்துல ஒரு படி ஒடஞ்சி கெடக்குடா. வயசானவங்க யாராவது விழுந்துடப் போறாங்க. கவுன்சிலுக்கு எழுதுன்னு இவன்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றார்.

அன்புடன்,
ஆசிரியர்