எறும்புக்கு எதற்கு ஆராய்ச்சி?

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. பள்ளித் திடலில் சபைகூடல் நடந்துகொண்டிருந்தது. தேசிய கீதம் முடிந்து தலைமையாசிரியர் பேச எழுந்தபோது, ஒன்றாம் ஆண்டு வரிசையிலிருந்து ஓர் அலறல். ஓடிப் போய்ப் பார்த்தேன். புற்று இருப்பது தெரியாமல் அதன்மேலேயே நின்றிருக்கிறாள் அந்தச் சின்னப் பெண். வெள்ளைக் காலுறை முழுவதும் சிவப்பு எறும்பு. காலுறையைக் கழற்றி, தட்டிவிட்டு, குழாயடியில் கால்களைக் கழுவுவதற்குள் இரண்டு கணுக்காலும் சிவந்து தடித்துவிட்டன.

மலாய் அண்டை வீட்டார் 'செமுட் ஆப்பி' என்பார்கள். நாம் நெருப்பெறும்பு என்கிறோம். பெயர் பொருத்தமானதுதான். தாடையால் தோலைக் கவ்விக்கொண்டு, வால் பக்கத்துக் கொடுக்கால் நஞ்சை ஏற்றும். பட்ட இடம் தணல் விழுந்தது போல எரியும்.

மறுநாள் காலையில் பிள்ளையின் தகப்பனார் வந்தார். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல். உள்ளே இருந்தது தண்ணீர் இல்லை.

"டீச்சர், இத கலந்து அந்தப் புத்துல ஊத்திட்டுப் போறேன். நாளைக்கு ஒரு எறும்பு இருக்காது."

"வேண்டாம் அண்ணே. பிள்ளைங்க வெறுங்காலோட ஓடுற திடல் இது" என்றேன்.

அவருக்குக் கோபம். மகளைக் கடித்த எறும்பைக் கொல்ல விடாத டீச்சர்மேல் எந்தத் தகப்பனுக்குத்தான் கோபம் வராது? ஆனால் அந்தப் போத்தலைப் பார்த்தபோது எனக்கு வேறொரு போத்தல் நினைவுக்கு வந்தது. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்தில் ஒரு பையன் இருந்தான். வீட்டுப் பின்புறத்துப் புல்லுக்கு அடிக்கலாம் என்று அவன் அப்பா களைக்கொல்லியைக் குளிர்பானப் போத்தலில் கொண்டுவந்து வைத்திருந்தார். பந்து விளையாடிவிட்டுத் தாகத்தோடு வந்த பிள்ளை ஒரு மடக்குக் குடித்துவிட்டான். பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தான். வீட்டுக்கு வரவில்லை. பாராகுவாட் என்ற அந்த மருந்தை நம் நாடு 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து முழுவதுமாகத் தடை செய்துவிட்டது. மருந்தை வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் மட்டும் தடைபடவில்லை.

இதை அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப வேற என்னதான் டீச்சர் வழி? எறும்ப எப்படி ஒழிக்கிறதுன்னு யாராச்சும் படிக்கிறாங்களா? எறும்புக்கெல்லாம் கவர்மெண்டு காசு கொடுக்குமா?"

கொடுக்கிறார்கள் என்றேன். அவர் சிரித்தார். நீங்களும் சிரிக்கலாம். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்த மாதக் கட்டுரை.

முதலில் ஒரு செய்தி. நம் திடல்களில் இருக்கும் நெருப்பெறும்பு நம் மண்ணில் பிறந்ததல்ல. ஒரே புற்றில் சின்னதும் பெரியதுமாக இருக்கும்; பெரியவற்றுக்கு உடம்பை மீறிய தலை இருக்கும். விதைகளை உடைத்துத் தின்ன அந்தத் தலை. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். மலாக்காக் கோட்டையில் போர்த்துகீசியர் கொடி பறந்த அதே 16ஆம் நூற்றாண்டில், ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிகோவின் அக்காபுல்கோ துறையிலிருந்து பிலிப்பைன்சின் மணிலாவுக்குப் போய்வந்தன. கப்பல் சாயாமல் இருக்க அடித்தட்டில் மண்ணை நிரப்புவார்களாம். அந்த மண்ணோடு வந்த எறும்பு, மணிலாவிலிருந்து ஆசியா எங்கும் பரவியது. எறும்பின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த அறிவியலார் 2015இல் இதை வெளியிட்டார்கள்.

இதற்கு ஒரு தம்பி இருக்கிறது. அண்ணனைவிடக் கொடியது. தென் அமெரிக்காவில் பிறந்த சிவப்பு நெருப்பெறும்பு. 1930களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபீல் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து தென்மாநிலங்கள் முழுவதும் பரவிவிட்டது. அமெரிக்க அரசு என்ன செய்தது தெரியுமா? போத்தலோடு வந்த நம் அண்ணன் செய்ய நினைத்ததைத்தான் செய்தது. 1957இல் 24 லட்சம் டாலர் ஒதுக்கி, விமானத்திலிருந்து ஹெப்டாகுளோர், டீல்டிரின் என்ற கடும் விஷங்களைக் கொட்டியது. பறவைகள் செத்தன, மீன்கள் செத்தன, காட்டு விலங்குகள் செத்தன. 1962இல் ரேச்சல் கார்சன் என்ற அம்மையார் தம் புகழ்பெற்ற 'மௌன வசந்தம்' நூலில் இந்தக் கொடுமையை உலகுக்குச் சொன்னார். அதன் பிறகும் மைரெக்ஸ் என்ற வேறொரு விஷம் 1970களின் பிற்பகுதிவரை கொட்டப்பட்டது.

எறும்பு ஒழிந்ததா? இல்லை. விஷம் நெருப்பெறும்போடு, அதை எதிர்த்து நின்ற உள்ளூர் எறும்புகளையும் கொன்றுவிட்டது. காலியான நிலத்தில் நெருப்பெறும்புதான் முதலில் வந்து குடியேறியது. காசையும் கொடுத்து, எதிரிக்கு வீட்டையும் காலி செய்து கொடுத்த கதை.

அப்புறம்தான் அறிவு வந்தது. எறும்பின் சொந்த ஊரில் அதற்கு யார் எமன் என்று தேடப் போனார்கள். தென் அமெரிக்காவில் ஒரு சிற்றீ இருக்கிறது. எறும்பின் உடம்பில் முட்டை இடும். புழு எறும்பின் தலைக்குள் போய் வளரும். கடைசியில் தலையே கழன்று விழும். அந்த ஈயை வளர்த்து, சோதித்து, 1990களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவில் விட்டார்கள். இந்த ஈயால் மட்டும் எறும்பு ஒழிந்துவிடாது. ஆனாலும் முதலில் தெரிந்துகொள், பிறகு கைவை என்ற பாடம் அங்கே தொடங்கியது.

இந்தப் பாடம் நன்றாகப் பலித்த இடம் ஒன்று உண்டு. அதில் நம் மலேசியாவுக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

ஜாவாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கிறிஸ்துமஸ் தீவு என்று ஒரு சிறு தீவு. பாஸ்பேட் உரம் தோண்டும் இடம். நம் பக்கத்து மலாய்க்காரர்களும் சீனர்களும் அங்கே கூலிக்குப் போனவர்கள். 1958இல் அது ஆஸ்திரேலியாவின் கைக்கு மாறியது. சிவப்பு நண்டுகளுக்குப் பேர் போன தீவு. மழைக்காலம் தொடங்கியதும் கோடிக்கணக்கான நண்டுகள் காட்டிலிருந்து கடலுக்கு ஊர்வலம் போகும். சாலையை மூடி நண்டுக்கு வழி விடுவார்கள்.

அந்தத் தீவுக்குள் மஞ்சள் பைத்திய எறும்பு என்ற வேறொரு வகை எறும்பு புகுந்தது. இது நெருப்பெறும்பு அல்ல. கொட்டாது, ஆனால் அமிலத்தைப் பீய்ச்சும். கண் தெரியாமல் தவித்து நண்டுகள் சாகும். 2022இல் தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்தில், கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் ஆடுமாடுகளின் கண்ணைக் கெடுத்தது என்று செய்தி வந்ததே, அதே எறும்புதான். கிறிஸ்துமஸ் தீவில் 1989க்குப் பிறகு இது படைபடையாகப் பெருகிக் கோடிக்கு மேற்பட்ட நண்டுகளைக் கொன்றுவிட்டது. 2002இல் ஹெலிகாப்டரிலிருந்து விஷ இரை தூவினார்கள். எறும்பு குறைந்தது, மீண்டும் பெருகியது. மீண்டும் தூவினார்கள்.

அப்போது ஆஸ்திரேலியாவின் லா டிரோப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். இத்தனை எறும்புக்கும் சோறு எங்கிருந்து வருகிறது? மரங்களில் ஒட்டியிருந்த செதில்பூச்சிகளைக் கண்டார்கள். அவை மரச்சாற்றைக் குடித்து, இனிப்பான நீரைக் கழிக்கும். எறும்புக்கு அதுதான் அன்றாடச் சாப்பாடு. எறும்பு மரமேற முடியாமல் தடுத்துப் பார்த்தார்கள். நான்கே வாரங்களில் தரையில் எறும்பு நடமாட்டம் 95 விழுக்காடு குறைந்துவிட்டது. ஒரு துளி விஷம் இல்லாமல்!

தீவின் அத்தனை மரத்துக்கும் தடுப்புக் கட்ட முடியுமா? முடியாது. அந்தச் செதில்பூச்சி மலேசியாவிலும் உண்டு. ஆனால் இங்கே அது பெருகுவதில்லை. ஏன் என்று இங்கே வந்து தேடினார்கள். கெப்போங்கில் உள்ள நம் வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஒத்துழைப்போடு பார்த்தபோது, விடை அகப்பட்டது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு குளவி. மனிதரைக் கொட்டாது, கூடும் கட்டாது. செதில்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைத் தின்று தீர்க்கும். வேறு பூச்சிகளைத் தொடுமா என்று ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். தொடவில்லை என்று உறுதியான பிறகே ஆஸ்திரேலிய அரசு அனுமதி கொடுத்து, 2016 டிசம்பரில் நம் நாட்டுக் குளவியைத் தீவில் விட்டார்கள். குளவி நிலைத்தது, பரவியது. செதில்பூச்சி குறைந்தது. எறும்புப் படை சுருங்கியது. நண்டுகள் இப்போது பத்துக் கோடிக்கு மேல் என்று சொல்கிறார்கள்.

ஒன்றை ஒழிக்க இன்னொன்றைக் கொண்டுவந்தால் அதுவும் தொல்லையாகாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1935இல் இதே ஆஸ்திரேலியா, கரும்பு வண்டைத் தின்னும் என்று ஹவாயிலிருந்து ஒரு பெருந்தேரையைக் கொண்டுவந்தது. வண்டை அது ஒழிக்கவில்லை, தானே பெருந்தொல்லையாகிவிட்டது. சோதிக்காமல் கொண்டுவந்தது தேரை. சோதித்துக் கொண்டுபோனது குளவி. இந்த வித்தியாசத்துக்குத்தான் ஆராய்ச்சி என்று பெயர். அதற்குத்தான் காசு.

நம் செம்பனைத் தோட்டத்துக்கும் இப்படி ஒரு விருந்தாளி வந்ததுண்டு. என் அம்மா அந்த நாளில் செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தம் தூவும் வேலைக்குப் போனவர். முள்ளுக்குள் கையை விட்டு, முகமெல்லாம் தூள் படிந்து வருவார். 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டைச் சோதித்துக் கொண்டுவந்து ஜொகூரில் குளுவாங் பக்கம் விட்டார்கள். மகரந்த வேலையை வண்டே பார்த்துக்கொண்டது. காய்ப்புப் பெருகியது. அம்மாவுக்கு முள்ளுக் குத்து நின்றது; அந்தக் கூலியும் நின்றது. பெருகிய காய்ப்பில் எங்கள் லயத்துக்கு என்ன வந்தது என்று அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவின் கேள்வியை நான் விடவில்லை. ஆராய்ச்சிக்கு அரசு கொடுக்கும் காசு வானத்திலிருந்து விழுவதில்லை. 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்குச் சட்டம் வந்ததிலிருந்து, ஏற்றுமதியான ரப்பரின்மேல் விதித்த வரிதான் அதை நடத்தியது. இன்று செம்பனை வாரியத்தின் ஆராய்ச்சியும், உற்பத்தியாகும் ஒவ்வொரு டன் எண்ணெயின் மேலும் வாங்கும் வரியில்தான் நடக்கிறது. பால் சீவியவர் யார்? குலை வெட்டியவர் யார்? ஆகவே, "எறும்புக்கா காசு?" என்று நாம் சிரிக்க வேண்டியதில்லை. "மரத்தின் நோய்க்குச் செலவிடுகிறீர்களே, மரத்தடியில் நிற்பவன் காலுக்கும், மருந்தடிப்பவன் நுரையீரலுக்கும் செலவிடுங்கள்" என்று கேட்கலாம். விஷம் குறைந்த வழி எது கிடைத்தாலும், முதலில் பிழைப்பது மருந்துத் தொட்டியை முதுகில் சுமப்பவர்தான். ஆராய்ச்சி என்பது யாரோ படித்தவர் விவகாரம் அல்ல; நம் வீட்டு விவகாரம்.

சரி, நம் திடலுக்கு வருவோம். அந்த அண்ணன் போத்தலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். மறு சனிக்கிழமை மாலை, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், இரண்டு பெரிய பானையோடு வந்தார். சிற்றுண்டிச்சாலை அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் புற்றுகளில் ஊற்றினோம். நான்கு புற்றில் இரண்டு அடங்கிவிட்டன. இரண்டுக்கு மறுவாரமும் ஊற்ற வேண்டியிருந்தது. திடலோரம் கிடந்த ரொட்டித் துண்டுகளையும் இனிப்புத் தாள்களையும் அகற்றினோம். சோறு போனால் எறும்பும் போகும். தீவில் கற்ற பாடந்தான்.

பெற்றோர்களே, பிள்ளையை நெருப்பெறும்பு கடித்தால் உடனே தட்டிவிடுங்கள். வெறுமனே உதறினால் போகாது, கவ்வியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணியை வையுங்கள். சொறிய விடாதீர்கள். முகம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றி வாந்தி வந்தாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கொதிநீர் ஊற்றுவது பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் அருகில் இருக்கக் கூடாது.

இன்னொன்று. இன்றைக்கே உங்கள் வீட்டுப் பின்புறத்தில், குளியலறை மூலையில், அடுப்புக்குக் கீழே ஒரு முறை பாருங்கள். தோட்டத்து மருந்து ஏதாவது தண்ணீர்ப் போத்தலில் இருந்தால், அதைக் கீழே கொட்டாமல், ஸ்டோருக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எறும்புக் கடி ஒரு வாரத்தில் ஆறும். எங்கள் அடுத்த லயத்துப் பையனின் அம்மாவுக்கு இன்றுவரை ஆறவில்லை.