நிரலுக்கும் உரை வேண்டும்

நூல் சுருங்கி நிற்கும்; உரை விரிந்து விளக்கும். இவ் விரண்டையும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து எழுதி, நூற்பாவின் பொருளையும், அஃது அவ்வாறு அமைந்ததன் கரணியத்தையும், மாறுபடுவார்க்கு உரிய விடையையும் ஒருங்கே தந்தவர் நம் உரையாசிரியர். இந் நெறி இலக்கணத்துக்கு மட்டும் உரியதன்று. கணிப்பொறிக்கென எழுதப்பெறும் நிரலுக்கும் உரியதே. அவ் வுரையைத் தமிழில் எழுதுதல் நம் கடமை என்பதே இக் கட்டுரை வலியுறுத்தும் கருத்து.

தாமிரபரணி என வழங்கும் பொருநையாற்றின் கரை, உரையாசிரியர்களின் கரை. ஆற்றின் தலைப்பகுதியில் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர் சிவஞான முனிவர். இடைப்பகுதியாகிய நெல்லையைச் சார்ந்தவர் நன்னூலுக்கு விருத்தியுரை வகுத்த சங்கர நமச்சிவாயர். கடலை நெருங்கும் பகுதியில், கொற்கையை அடுத்த ஆற்றூரினர் எனக் கருதப்பெறுபவர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை கண்ட சேனாவரையர். சங்கர நமச்சிவாயர் 17ஆம் நூற்றாண்டில் எழுதிய உரையை, 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் திருத்தியும் விரித்தும் செப்பஞ் செய்தார். ஒருவர் ஆக்கத்தைப் பிற்காலத்தார் ஒருவர் எடுத்துத் திருத்த முடிந்தது எதனால்? முன்னவர் தம் முடிபை மட்டுமன்றி, அம் முடிபுக்கு வந்த வழியையும் எழுதி வைத்தமையால். 1920இல் நெல்லையில் தோன்றிய தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் பழந்தமிழ் நூல்களை உரையொடு அச்சேற்றித் தமிழகமெங்கும் பரப்பியதும் இம் மரபின் தொடர்ச்சியே.

அதே கரையில் இன்று நடப்பது என்ன? கணிப்பொறி பயிலும் நம் பிள்ளைகள் செய்முறைப் பதிவேடு எழுதுகின்றனர். நோக்கம், படிமுறை, நிரல், விளைவு என நான்கு தலைப்புகள். நான்கும் ஆங்கிலத்தில். பெரும்பாலும் முன்னாண்டு மாணவன் எழுதியதைப் பார்த்து இவ்வாண்டு மாணவன் எழுதுகின்றான். 'இவ் வரி ஏன் இங்கு வந்தது?' என்று தமிழில் வினவுங்கள், விடை வராது. அவனிடம் அறிவு இல்லையென்பதன்று. ஏன் என்று தன் மொழியில் எழுதிப் பார்க்கும் வாய்ப்பே அவனுக்குத் தரப்படவில்லை. நிரல் இருக்கின்றது, உரை இல்லை. உரை இல்லாத நூற்பாவை மனப்பாடம் செய்பவன் புலவனாகான். உரை இல்லாத நிரலைப் படியெடுப்பவனும் நிரலாளனாகான்.

நாம் மறந்த நெறியை மேலைநாட்டார் ஒருவர் தம் வழியில் கண்டடைந்தார். அமெரிக்க நாட்டு இசுடான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் தொனால்டு நூத் என்பாரே அவர். 'தெக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை ஆக்கிய அவர், 1984இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் ஒரு புதுநெறியை முன்வைத்தார். நிரல் என்பது பொறிக்கு இடும் கட்டளை மட்டுமன்று. பொறி என்ன செய்ய வேண்டுமென நாம் விரும்புகின்றோம் என்பதை மாந்தர்க்கு விளக்கும் கட்டுரையாகவே அஃது எழுதப்பெறல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இதனை நாம் 'உரைநிரல்' என்போம். சொன்னதோடு நில்லாமல், தெக் மென்பொருளின் நிரல் முழுவதையும் விளக்கத்தொடு 1986இல் நூலாகவே அச்சிட்டார்.

உரைநிரலின் மூலக்கோப்பு ஒன்றே. அதிலிருந்து இரண்டு பிறக்கும். விளக்கத்தையும் நிரலையும் சேர்த்து அச்சுக்குரிய ஆவணமாக ஆக்குவது ஒன்று. நூத் இதனை நெய்தல் என்றார். பத்தமடையில் கோரையையும் நூலையும் கூட்டிப் பாய் நெய்வது போன்றது அது. விளக்கத்தை நீக்கி, நிரல் துண்டுகளை மட்டும் பொறி வேண்டும் வரிசையில் கோத்துத் தருவது மற்றொன்று. எழுதுபவர் மாந்தர்க்குப் புரியும் வரிசையில் எழுதலாம். பொறிக்குரிய வரிசைக்கு மென்பொருளே மாற்றிக்கொள்ளும். செய்யுளின் சொற்களைப் பொருளுக்கேற்ப முன்பின் கூட்டிக் கொள்ளும் கொண்டுகூட்டு அறிந்த தமிழர்க்கு இது புதிதோ?

1989இல் நார்மன் இராம்சே என்பார் இந் நெறியை மேலும் எளிமையாக்கி 'நோவெப்' என்னும் கருவியை ஆக்கினார். அதில் ஒவ்வொரு நிரல் துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. அப் பெயர் ஒரு முழுத்தொடராகவே இருக்கலாம். இங்குத்தான் தமிழுக்குரிய வாயில் திறக்கின்றது. நிரல் எம் மொழியில் இருப்பினும், துண்டின் பெயரும் விளக்கமும் தமிழில் அமையலாம் அன்றோ!

எண்ணிப் பாருங்கள். பொருநையில் கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுக்கு நீர் பங்கிடும் கணக்கை ஒரு மாணவன் நிரலாக எழுதுகின்றான் என்க. 'பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைப் பெறுக', 'எட்டு அணைக்கட்டுக்கும் பங்கு காண்க', 'கடைமடைக்கு எஞ்சியதைக் கூறுக' எனத் துண்டுகளுக்குப் பெயரிடுகின்றான். ஒவ்வொன்றின் மேலும், இப் பங்கு எவ் விதிப்படி வந்தது என்று இரண்டு பத்தி எழுதுகின்றான். அவ் வாவணத்தைத் திருவைகுண்டத்துக்குக் கீழுள்ள ஓர் உழவர் படித்து, 'தம்பி, இவ் விடத்தில் உன் கணக்குத் தவறு. கோடைக்கும் காருக்கும் ஒரே அளவு வைத்துவிட்டாய்' என்று சொல்ல முடியும். உரை ஆங்கிலத்தில் இருப்பின் அல்லது உரையே இல்லையாயின், அவர்தம் வயலின் நீரை முடிவு செய்யும் கணக்கை அவரே வினவ முடியாது. நாளை நம் நிலமும் நீரும் கூலியும் கணிப்பொறிக் கணக்கால் அளக்கப்பெறும். அக் கணக்கின் கரணியம் எம் மொழியில் எழுதப்பெறுகின்றது என்பது ஆட்சி யார் கையில் என்னும் வினாவே ஆகும்.

'நோவெப்பும் தெக்கும் குறியீடு மிகுந்தவை. தமிழறிந்தார் அவற்றைக் கற்பது அரிது' என்பர் சிலர். அத் தடையை நீக்குவது 'இலிக்சு' என்னும் காட்சிவழித் தொகுப்பி. செருமானியராகிய மத்தியாசு எட்ரிச்சு 1995இல் தொடங்கி வைத்த இம் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. எவரும் திருத்திக்கொள்ளும் உரிமை உடையது. இதில் தலைப்பு தலைப்பாகவும், பட்டியல் பட்டியலாகவும், கணக்கியல் வாய்பாடு வாய்பாடாகவும் திரையில் தோன்றும். குறியீடுகள் பின்னின்று பணி செய்யும். நோவெப்புக்குரிய கூற்றை ஆவண அமைப்பில் சேர்த்துக்கொண்டால், நிரல் துண்டுக்கென ஒரு தனிப் பாங்கு கிடைக்கும். விளக்கப் பத்தியும் நிரல் துண்டும் ஒரே திரையில் மாறி மாறி நிற்கும். தமிழாசிரியர் ஒருவர் விளக்கத்தையும் நிரலாளர் ஒருவர் துண்டுகளையும் ஒரே ஆவணத்தில் திருத்தலாம்.

இடர்கள் இல்லாமல் இல்லை. பழைய தெக் பொறியைத் தவிர்த்து, ஒருங்குறியில் இயங்கும் சீதெக் அல்லது உலுவாதெக் பொறியைத் தேர்ந்து, தமிழ் எழுத்துருவைக் குறித்தல் வேண்டும். நிரல் துண்டுக்குரிய எழுத்துருவில் தமிழ் இல்லையாயின், துண்டின் உள்ளே எழுதிய தமிழ்க் குறிப்புகள் அச்சில் வாரா. அதனையும் தனியே அமைத்தல் வேண்டும். நிரல் வரிகளை உரிய பாங்கில் இடாமல் இயல்பான பத்தியில் இட்டால், அவை உரையாகவே கொள்ளப்பட்டு நிரலில் சேராது போகும். இலிக்சின் கோப்பில் அதன் சொந்தக் குறிகள் மிகுதி. ஆதலின் இருவர் செய்த திருத்தங்களை வரிவரியாக ஒப்பிடுவது கடினம். இவை பழக்கத்தால் வெல்லத்தக்க இடர்கள். ஏட்டில் புள்ளியும் பத்தியும் இன்றி நூலும் உரையும் கலந்து கிடந்தவற்றைப் பிரித்துப் பதிப்பித்தவர்களின் வழியில் வந்த நமக்கு இவை பெரியனவோ?

'வேலைக்கு ஆங்கிலம் வேண்டுமே' என்பார்க்கும் ஒன்று கூறுவோம். உரைநிரலில் பொறிக்குச் செல்லும் நிரல் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. உலகம் கேட்கும் நிரலை உலகுக்குக் கொடுங்கள். அதன் கரணியத்தைத் தமிழுக்குக் கொடுங்கள். முத்து அண்ணாமலை ஆக்கிய 'எழில்' போலக் கட்டளைச் சொற்களையே தமிழாக்கும் முயற்சி ஒரு வழி, அதனைப் போற்றுகின்றோம். அதனோடு உடன் செல்ல வேண்டிய மற்றொரு வழியே உரைநிரல். தமிழில் கரணியம் எழுதத் தொடங்கினால்தான் நமக்கு எத்தனைச் சொற்கள் குறைகின்றன என்பதும் தெரியும். அகரமுதலியில் அடுக்கிய கலைச்சொல் உறங்கும். பணியில் பிறந்த சொல்லே வழங்கும்.

ஆதலின் நெல்லைச் சீமை ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்: ஓராண்டில் ஒரே ஒரு பதிவேட்டையேனும் தமிழ் உரைநிரலாக எழுத மாணவர்க்கு இசைவளியுங்கள், அதற்கு உரிய மதிப்பெண்ணும் வழங்குங்கள். மாணவர்களே, நூறு வரி நிரல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வரிதோறும் ஏன் என்று வினவி விடையைத் தமிழில் எழுதுங்கள். விடை எழுத வாராத வரி எதுவோ, அதுவே நீங்கள் இன்னும் அறியாத வரி. அச்சிட்டு அடுத்த ஆண்டு மாணவனிடம் கொடுங்கள். அவன் அதனைப் படியெடுக்க வேண்டா, திருத்தட்டும். சங்கர நமச்சிவாயரைச் சிவஞான முனிவர் திருத்திய ஆற்றங்கரை இது. அப் பணி தொடர்க!